கம்ப்யூட்டர் பட்டப் படிப்புக்குக் காம்பிடன்சி எழுதுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்குப் பக்கத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் கணினித் துறையில் பாடம் நடத்துகிறேன். பாடத்திட்டக் குழுக் கூட்டம், ஆசிரியர் பயிற்சி என்று பெருந்துறை, கோபி, திருச்செங்கோடு, பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் போய்வருவது வழக்கம். எந்தத் தலைப்பில் பேசப் போனாலும் டீ நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று காம்பிடன்சி பற்றிக் கேட்கப்படுகிற சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. ஆசிரியர்கள், துறைத் தலைவர்கள், பெற்றோர் கேட்டவற்றை அவர்கள் வாயில் வந்தபடியே இங்கே எழுதி, நான் சொன்ன பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"சிலபஸ்தான் இருக்குதுங்களே சார், அப்புறம் இது எதுக்குங்க?"

சிலபஸ் ஆசிரியருக்காக எழுதப்பட்டது. எந்த யூனிட்டில் எதை நடத்த வேண்டும், எத்தனை மணி நேரம் என்று அது சொல்லும். நடத்தி முடித்த பிறகு மாணவரிடம் என்ன மிஞ்சும் என்று சொல்லாது. இந்தப் படிப்பை முடித்தவர் இன்ன வேலையை இன்ன தரத்தில் தானாகச் செய்வார் என்று மாணவர் பக்கம் நின்று எழுதுவதுதான் காம்பிடன்சி.

ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி டேபிள்களைப் பிரிப்பதை நார்மலைசேஷன் என்போம். எங்கள் மாணவி ஒருவர் அதில் ஒரு விதியான மூன்றாம் நார்மல் ஃபார்முக்கு அழகாக விளக்கம் எழுதி 13க்கு 12 வாங்கினார். அடுத்த வாரம் லேபில் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் பில் போடும் டேபிள் ஒன்றை வடிவமைத்தார். ஒவ்வொரு பில் வரியிலும் விவசாயியின் பெயர், ஊர், போன் நம்பர் திரும்பத் திரும்ப இருந்தது. "இவர் போன் நம்பர் மாத்திட்டார்னா எத்தனை வரியில திருத்துவே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்குத்தானுங்களா சார் நார்மலைசேஷன்?" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கேள்வியை நாங்கள் அதுவரை அவரிடம் கேட்டதே இல்லை.

"காம்பிடன்சின்னா ஸ்கில்தானுங்களே? எதுக்குப் புதுப் பேரு?"

ஸ்கில் அதில் ஒரு பங்கு. அமெரிக்காவின் கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம். 1968லேயே கம்ப்யூட்டர் படிப்புக்கு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. பின்னாளில் ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் சொசைட்டியும் சேர்ந்துகொண்டது. வெகுகாலம் அந்த ஆவணங்கள் தலைப்புகளையும் மணிக்கணக்கையும்தான் பட்டியல் போட்டன. ஐ.டி. படிப்புக்கான 2017 அறிக்கையும், எல்லாக் கணினிப் படிப்புகளுக்கும் பொதுவான 2020 அறிக்கையும் வேறு வழியில் போயின. அறிவு, திறன், மனப்பாங்கு ஆகிய மூன்றும் ஒரு குறிப்பிட்ட வேலையில் சேர்ந்து வெளிப்படுவதே காம்பிடன்சி என்று அவை வரையறுத்தன.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவுக்கு எந்த கியர், ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதெல்லாம் அறிவு. லோடு ஏற்றிய லாரியைப் பின்னால் உருளவிடாமல் வளைத்து எடுப்பது திறன். எதிரே வண்டி தெரிந்தால் அவசரப்படாமல் நின்று காத்திருப்பது மனப்பாங்கு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த ஆளை நம்பி லாரியைக் கொடுக்க மாட்டோம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'தேர்ச்சி' என்று எழுதினால் நம் ஊரில் பாஸ் ஆனது என்றுதான் படிப்பார்கள். 'திறன்' என்றால் ஸ்கில்லோடு குழம்பும். அதனால் ஸ்டாஃப் ரூமில் புழங்குகிற 'காம்பிடன்சி'யையே வைத்துக்கொண்டேன்.

"சி.ஓ., பி.ஓ., பி.எஸ்.ஓ. எல்லாம் எழுதித்தானே வெச்சிருக்கறோம். அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்களே?"

உறவு உண்டு, ஒன்று அல்ல. பி.ஓ. (புரோகிராம் அவுட்கம்) என்பது எந்தப் பொறியியல் பட்டதாரிக்கும் பொருந்துகிற பொது வரையறை. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. அதைத் தருகிறது. 2014இல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரானதற்குப் பிறகு நம் கல்லூரிகளில் இந்தப் பேச்சு வேகம் பிடித்தது. பல ஆண்டுகள் 12 பி.ஓ. இருந்தன, புதிய வடிவத்தில் 11. பி.எஸ்.ஓ. அதே போல அந்தந்தத் துறைக்கென்று எழுதுவது. சி.ஓ. (கோர்ஸ் அவுட்கம்) என்பது ஒரே ஒரு பாடத்தின் முடிவில் எதிர்பார்ப்பது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பி.ஓ. மிகவும் பொதுவானது, சி.ஓ. மிகவும் சின்னது. ஒரு கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் மாணவர் டேட்டாபேஸ், புரோகிராமிங், டெஸ்டிங், எழுத்து, பேச்சு என்று நாலைந்து பாடங்களைச் சேர்த்துத்தான் அந்த வேலையை முடிக்க முடியும். அப்படிப் பாடங்களைத் தாண்டிச் சேர்ந்து வருவதைக் காம்பிடன்சி பிடித்துக் காட்டும். நீங்கள் எழுதி வைத்த சி.ஓ.க்கள் வீணாகாது, அதற்குப் படிக்கட்டாக நிற்கும்.

"சரிங்க, ஒண்ணே ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்."

திருப்பூரை எடுத்துக்கொள்வோம், நம் மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெரிந்த கணக்கு. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி பீஸ் ரேட். எங்கள் துறையில் முதலில் எழுதி வைத்திருந்த வாக்கியம் இது: "மாணவர் டேட்டாபேஸ் கருத்துகளைப் புரிந்துகொள்வார்." புரிந்ததா இல்லையா என்று யார், எதைப் பார்த்துச் சொல்வது? அடித்தோம். "மாணவர் டேட்டாபேஸ் வடிவமைப்பார்" என்று மாற்றினோம். எதற்கு, எந்த அளவில் என்று அதில் இல்லை. அதையும் அடித்தோம்.

பிறகு வேலையிலிருந்தே தொடங்கினோம். ஒரு டெய்லர் திங்கள், செவ்வாயில் 420 பீஸ் தைக்கிறார், ரேட் ரூ. 1.85. புதன்கிழமை ரேட்டை ரூ. 2.05 ஆக உயர்த்துகிறார்கள். சனி வரை 610 பீஸ் தைக்கிறார். சரியான கூலி 777.00 + 1250.50 = ரூ. 2027.50. ரேட்டை ஒரே இடத்தில் வைத்து மேலேயே திருத்திவிடுகிற டேபிளாக இருந்தால் வாரம் முழுதும் புது ரேட்டில் ஓடி ரூ. 2111.50 காட்டும். ரூ. 84 வித்தியாசம். அதைவிட மோசம், போன மாதச் சம்பளச் சீட்டைத் திரும்ப எடுத்தால் அதுவும் மாறியிருக்கும். ரேட் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வைக்கத் தோன்றுகிறதா என்பதுதான் இங்கே பரீட்சை.

கடைசியில் நின்ற வாக்கியம்: "ஒரு சிறு தொழிலின் வாராந்தரக் கணக்கை நடத்துபவரிடமே கேட்டறிந்து, நடுவில் மாறும் விலைகளையும் பழைய பதிவுகளையும் கெடுக்காத டேட்டாபேஸை வடிவமைத்து, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, பொருந்தாத இடங்களை மறைக்காமல் எழுதிக் கொடுப்பார்." இதில் அறிவு இருக்கிறது, திறன் இருக்கிறது, 'கேட்டறிந்து', 'மறைக்காமல்' என்ற இரண்டு சொல்லில் மனப்பாங்கும் இருக்கிறது. ஒரு வாக்கியம் தேறுமா என்று பார்க்க நான் நம்பும் சோதனை ஒன்றுதான்: ஒரே மாணவரின் வேலையை இரண்டு ஆசிரியர் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே முடிவுக்கு வருவார்களா? வராவிட்டால் மாணவரைக் குறை சொல்லாமல் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

"இப்படி எத்தனை எழுதோணுமுங்க?"

ஒரு பட்டப் படிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். ஐம்பது எழுதினால் ஒன்றையும் பார்க்க மாட்டோம்.

"கே1, கே2ன்னு புளூம் லெவல் போட்டுத்தானே கேள்வித்தாளே எடுக்கறோம். அது போதாதுங்களா?"

பெஞ்சமின் புளூமும் அவர் குழுவும் 1956இல் தந்த வரிசை, 2001இல் திருத்தப்பட்டது. நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்று ஆறு படிகள். கேள்வித்தாளில் இவைதான் கே1 முதல் கே6 வரை. எந்த அளவு ஆழம் வேண்டும் என்று யோசிக்க அது நல்ல கருவி. 2020 அறிக்கையும் திறனின் ஆழத்தைக் குறிக்க இதையே எடுத்துக்கொள்கிறது.

ஆனால் வினைச்சொல்லை மாற்றினால் படி ஏறிவிடாது. "குவிக் சார்ட்டையும் மெர்ஜ் சார்ட்டையும் ஒப்பிட்டு ஆராய்க" என்று கே4 போட்டுக் கேட்கிறோம். அந்த ஒப்பீடு அப்படியே நோட்ஸில் இருந்தால், எழுதுகிற மாணவருக்கு அது கே1தான். மனப்பாடத்தை எழுதி வைத்துவிட்டுப் போகிறார். கேள்வி எந்தப் படி என்பதை மாணவர் அதை முன்பு பார்த்திருக்கிறாரா இல்லையா என்பதுதான் முடிவு செய்கிறது. அதனால்தான் மேலே கூலிக் கணக்கில் புதன்கிழமை ரேட் மாறுவதை முன்கூட்டிச் சொல்லாமல் விடுகிறோம்.

"மனப்பாங்குக்கு எப்படிங்க மார்க் போடறது? அது அவங்கவங்க குணமாச்சே."

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. குணத்துக்கு மார்க் போடக் கூடாது. 2020 அறிக்கை 11 மனப்பாங்குகளைச் சொல்கிறது. நுணுக்கமாகச் செய்வது, சேர்ந்து வேலை செய்வது, பொறுப்பேற்பது, தானே முன்வருவது, தானாகக் கற்பது போன்றவை அதில் உண்டு. பதினொன்றையும் எல்லா வேலைக்கும் ஒட்ட வேண்டியதில்லை. ஒரு வேலைக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு, அது விட்டுச்செல்லும் தடயத்தைப் பாருங்கள்.

தடயம் என்றால்: புரோகிராமில் செய்யும் மாற்றங்களைத் தேதியோடு பதிந்து வைக்கும் கிட்டில் கமிட் (பதிவு) எந்தத் தேதிகளில் இருக்கிறது? ஆறு வாரம் பரவியிருக்கிறதா, ரிவ்யூவுக்கு முந்தின இரவு 11 மணிக்கு ஒரே கமிட்டாகக் கொட்டியிருக்கிறதா? தன் புரோகிராமில் இருக்கிற பிழையைத் தானே எழுதி வைத்தாரா, நாம் கண்டுபிடித்த பிறகு ஒத்துக்கொண்டாரா? கேட்டது புரியாதபோது திரும்பப் போய்க் கேட்டதற்குக் குறிப்பு இருக்கிறதா? இவை காகிதத்தில் காட்டக்கூடியவை. மேலே சொன்ன இரண்டு ஆசிரியர் சோதனைக்கும் நிற்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தியூர், தாளவாடிப் பக்கத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகள் ரிவ்யூவில் தலை குனிந்துதான் நிற்கும். அதைப் பார்த்து 'முன்முயற்சி இல்லை' என்று எழுதிவிடுகிறோம். வாய் பேசாத அந்தப் பிள்ளையின் டெஸ்ட் ஃபைலைத் திறந்தால் முப்பது கேஸ் எழுதியிருக்கும். பணிவையும் கூச்சத்தையும் மனப்பாங்குக் குறைவாக எண்ணுவது பெரிய அநியாயம். நானும் சில ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறேன்.

"பி.எஸ்சி. சி.எஸ்., பி.சி.ஏ., பி.இ., பி.டெக். ஐ.டி.ன்னு நாலு கோர்ஸ் நடத்தறோம். ஒரே பட்டியலை நாலுக்கும் வெச்சுக்கலாமுங்களா?"

அடிப்படை ஒன்றாக இருக்கலாம், அழுத்தம் வேறாக வேண்டும். 2020 அறிக்கை கணினிப் படிப்புகளை ஏழாகப் பார்க்கிறது: கணினிப் பொறியியல், கணினி அறிவியல், சைபர் பாதுகாப்பு, தகவல் அமைப்புகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல், தரவு அறிவியல். நம் பட்டப் பெயர்கள் இந்த ஏழோடு நேராகப் பொருந்தாது. பி.சி.ஏ. 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்திருக்கிறது. ஆனாலும் பல கல்லூரிகளில் அது பி.எஸ்சி.யின் நிழலாகவே ஓடுகிறது.

அதே கூலிக் கணக்கையே நாலு பேருக்கும் கொடுங்கள். பி.சி.ஏ. மாணவர் கணக்குப்பிள்ளையிடம் உட்கார்ந்து தேவையைக் கேட்டு, அவர் நடத்துகிற மாதிரி மென்பொருளைச் செய்து தர வேண்டும். பி.எஸ்சி. மாணவர் பைசாக் கணக்கை மிதவைப் புள்ளி எண்ணாக (ஃப்ளோட்) வைத்தால் ஏன் தவறும் என்பதை எண்களின் இருமவடிவத்திலிருந்து விளக்க வேண்டும். ஐ.டி. மாணவர், கம்பெனிக்கு மூன்று யூனிட் இருந்து மூன்றிலும் நெட் போனாலும் கணக்கு நிற்காதபடி ஏற்பாடு செய்து, பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்ட வேண்டும். பி.இ. மாணவர் நாளைக்கு முந்நூறு கம்பெனி இதே மென்பொருளுக்கு வந்தால் எந்த இடம் முதலில் திணறும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். நாலு பேருக்கும் ஒரே வாக்கியத்தை எழுதினால் நாலில் மூன்று பொய்யாகிவிடும்.

"கம்பெனிக்காரங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டா, இந்த டூலைச் சொல்லிக் குடுங்க, அந்த டூலைச் சொல்லிக் குடுங்கன்னே சொல்றாங்க. அதை எழுதிக்கறதா?"

தவறு நாம் கேட்கிற கேள்வியில் இருக்கிறது. "என்ன சொல்லித் தரட்டும்?" என்று கேட்டால் அன்றைக்கு அவர் அலுவலகத்தில் ஓடுகிற டூலின் பெயரைத்தான் சொல்வார். நம் மாணவர் படித்து முடிப்பதற்குள் அது மாறியிருக்கும். "புதுசாச் சேர்ந்தவங்க முதல் மூணு மாசத்துல எதுல தடுக்கி விழுந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பிறர் எழுதிய புரோகிராமைப் படிக்கத் தெரியவில்லை, சந்தேகம் வந்தால் கேட்காமல் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு மெயில் எழுத வரவில்லை என்று கொட்டுவார்கள். அவற்றில்தான் காம்பிடன்சி இருக்கிறது.

கூப்பிடுவது சரவணம்பட்டி, பீளமேட்டு ஐ.டி. ஆட்களை மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பம்ப்செட் கம்பெனி, நூற்பாலை, நாமக்கல் கோழிப்பண்ணை, சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ், ஆஸ்பத்திரி என எல்லா இடத்திலும் இன்றைக்குக் கணினி வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் போய்ச் சேர்வதும் அங்கேதான்.

"தமிழ் மீடியத்துல வந்த பசங்களுக்குக் கம்யூனிகேஷன் காம்பிடன்சின்னு வெச்சா, அவங்க ஃபெயில்தானுங்களே?"

கம்யூனிகேஷனை ஆங்கிலம் பேசுவது என்று எழுதினால் அப்படித்தான் ஆகும். யாரிடம், எதை, எதற்காகச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். கணக்குப்பிள்ளைக்கு விளங்கும்படி தமிழில் மென்பொருளை நடத்திக் காட்டுவது ஒன்று. அடுத்து வரும் புரோகிராமருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்க ரீட்மீ (விளக்கக் குறிப்பு) எழுதி வைப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி மார்க். முதலாவதில் தமிழ் மீடியப் பிள்ளைகள் பலமுறை முந்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் இரண்டாவதையும் கற்றுக்கொள்கிறார்கள்.

"சாட்ஜிபிடியே கோடு எழுதிக் குடுத்துருதுங்களே. இனி புரோகிராமிங் காம்பிடன்சின்னு எதை எழுதறது?"

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30இல் வந்தது. அதற்கு முன் எழுதிய வாக்கியங்களை எடுத்துப் பாருங்கள். 'புரோகிராம் எழுதுவார்' என்று மட்டும் இருந்தால் அது இப்போது ஒன்றையும் அளக்காது. 'சரிபார்த்து, பொருந்தாத இடங்களை மறைக்காமல் எழுதிக் கொடுப்பார்' என்று இருந்தால் இன்னும் நிற்கிறது.

நான் செய்வது இது. கருவி எழுதித் தந்த கூலிக் கணக்குப் புரோகிராமை நானே அச்செடுத்து மாணவர் கையில் கொடுப்பேன். கம்ப்யூட்டர் கிடையாது, பேனா மட்டும். "எந்த வாரத்தில் இது தப்பாகும்? அந்த வாரத்துக்கான எண்களை எழுது" என்பது கேள்வி. புதன்கிழமை ரேட் மாற்றத்தை யோசிக்கிறவர், பாதி வாரத்தில் வேறு யூனிட்டுக்குப் போன டெய்லரை யோசிக்கிறவர், திருப்பி வந்த டேமேஜ் பீஸை யோசிக்கிறவர் என்று ஆள் ஆளுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். முதலாண்டில் மட்டும் கருவி இல்லாமல் கையால் எழுத வைப்பதை விடக் கூடாது என்பது என் கருத்து. எழுதிப் பழகாதவருக்குப் படித்துப் பிழை காணவும் வராது.

"அட்டெயின்மென்ட் 3க்கு 2.4 வந்துருச்சுங்க. அப்ப எட்டிட்டோம்னு வெச்சுக்கலாமுங்களா?"

அட்டெயின்மென்ட் என்பது சி.ஓ., பி.ஓ.க்களை எந்த அளவு எட்டினோம் என்று 3க்குப் போடும் எண். அந்த 2.4 வகுப்பைப் பற்றிச் சொல்கிறது, ஒரு மாணவரைப் பற்றிச் சொல்லவில்லை. சி.ஓ.வுக்கும் பி.ஓ.வுக்கும் இடையே 1, 2, 3 என்று போட்டு, வகுப்பு மதிப்பெண்ணோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் அறுபது பேரில் பதினைந்து பேருக்கு ஒன்றுமே வராவிட்டாலும் நல்ல எண் கிடைக்கும். அந்தப் பதினைந்து பேர் யார் என்று அந்தக் கட்டத்தில் எங்கும் இருக்காது.

ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின இரவு நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து நாலு வருடத்துக் கட்டங்களை நிரப்பினோம். விடிகிறபோது ஒரு இளம் ஆசிரியை, "சார், இந்த 3 எதுக்கு 3ன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?" என்றார். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் துறையில் ஒவ்வொரு 3க்கும் பின்னால் ஒரு மாணவரின் வேலையை ஆதாரமாக வைக்கிறோம். கட்டம் சின்னதாகிவிட்டது, கேட்டால் சொல்ல முடிகிறது.

"என்ற பொண்ணு பி.சி.ஏ. மூணாவது வருசம் படிக்குதுங்க. மார்க்கெல்லாம் நல்லாத்தான் வாங்குது. அதுக்கு வேலை தெரியுமான்னு நாங்க எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

காங்கேயத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ஒரு அப்பா கேட்டார். கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. மகள் செய்த ஏதாவது ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் கடைக் கணக்கில் நீங்கள் தினமும் படுகிற ஒரு சிக்கலை, கொப்பரை எடைக்குப் போட்டவர் பாதிப் பணம் வாங்கிப்போன மாதிரி ஏதாவது ஒன்றை, சொல்லி "இதுல இதை எப்படிப் போடுவே?" என்று கேளுங்கள். பாடம் ஒப்பிக்க ஆரம்பித்தால் இன்னும் காலம் வேண்டும். "எப்ப எப்ப அப்படி நடக்குமுங்கப்பா?" என்று உங்களையே திருப்பிக் கேள்வி கேட்டால் மகளுக்கு வேலை பிடிபட ஆரம்பித்துவிட்டது.

"எல்லாப் பேப்பரும் பாஸ், ஆனா காம்பிடன்சி ஒண்ணுலயும் தேறலைன்னா? பட்டம் குடுக்காம நிறுத்த முடியுமுங்களா?"

முடியாது, பல்கலைக்கழக விதிப்படி பாஸ் ஆனவருக்குப் பட்டம் உண்டு. நிறுத்தவும் கூடாது. மூன்று வருடம் நாம் மார்க் போட்டுப் பாஸ் செய்துவிட்டுக் கடைசியில் அவர் மேல் பழியைப் போடுவது முறையில்லை. இந்தக் கேள்வி ஆறாம் செமஸ்டரில் எழுந்தால் தாமதம்.

நாங்கள் நாலாம் செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குகிறோம். மார்க் கிடையாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரத்தில் முடிகிற ஒரு சின்ன வேலை, பார்க்க இரண்டு ஆசிரியர். தேறாதவர் பெயரை நோட்டீஸ் போர்டில் போடுவதில்லை. அவரைத் தனியாக அழைத்து எந்த வாக்கியத்தில், எந்தச் சொல்லில் நின்றுவிட்டார் என்று காட்டி, அந்தச் செமஸ்டரின் லேப் நேரத்திலேயே அவருக்கென்று ஒரு வேலையைக் கொடுக்கிறோம். செமஸ்டர் முடியும்போது அதே இரண்டு ஆசிரியர் மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் பலர் ஒரே இடத்தில் நின்றால் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் அந்தப் பாடம் நடத்தும் முறைதான் முதல் பொருளாக எடுக்கப்படும்.